மழைக்கு முன்னாலேயே பேசிவிடலாம்: மலைப்பாதை மூடினால் கடைச் சரக்கு யாருக்கு?

#1 வண்டிச்சோலைவாசி

வடகிழக்குப் பருவமழை நெருங்கிவிட்டது. ஒவ்வொரு வருடமும் நம் நீலகிரியில், குன்னூர் - மேட்டுப்பாளையம் சாலையில் இருக்கும் பர்லியாறு பக்கம் மண் சரிந்த செய்தி வந்த பிறகுதான் இந்தப் பேச்சை எடுக்கிறோம். அந்த நேரத்தில் யார் பத்துப் பாக்கெட் பால் அள்ளிக்கொண்டு போனார்கள், எந்தக் கடையில் விலையை ஏற்றினார்கள் என்று சண்டைதான் நடக்கும். வெயில் அடிக்கும்போதே நிதானமாகப் பேசினால் ஏதாவது உருப்படியாகச் செய்யலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என் கருத்தை முதலில் வைத்துவிடுகிறேன். வீட்டில் சாமான் சேர்த்து வைப்பது தப்பே இல்லை, மலையில் இருப்பவர்களுக்கு அது அவசியம். ஆனால் கையில் காசும் வீட்டில் இடமும் இருப்பவர்கள் அதைச் செப்டம்பரிலேயே முடித்துவிட வேண்டும். பாதை மூடிய அன்று கடையில் இருக்கும் சரக்கு, அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் சாமான் வாங்குபவர்களுக்கு உரியது. அதில் மற்றவர்கள் கை வைக்கக் கூடாது.

2009 நவம்பரை இங்கே பலரும் மறந்திருக்க மாட்டார்கள். 10ஆம் தேதி கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. மாவட்டத்தில் 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். குன்னூர் - மேட்டுப்பாளையம் சாலை பல இடங்களில் சரிந்தது, மலை ரயில் பாதையும் போனது. அந்தச் சமயத்தில் கடைத்தெருவில் நான் பார்த்தவரை அரிசி தீரவில்லை. முதலில் காலியானது பால், மெழுகுவத்தி, தீப்பெட்டி, வெங்காயம், தக்காளி. எல்லாம் கீழேயிருந்து ஏற வேண்டிய சாமான்கள்.

கணக்கு ரொம்பச் சின்னது. ஒரு கடைக்கு நூறு வீடுகள் வாடிக்கை, நூறு பாக்கெட் பால் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வீட்டுக்காரர்கள் பயந்துபோய் மூன்று மூன்றாக எடுத்தால் தொண்ணூறு போய்விடும். மீதி எழுபது வீட்டுக்குப் பத்துப் பாக்கெட். அந்த முப்பது பேரில் யாரும் கெட்டவர் இல்லை, ஒவ்வொருவரும் தன் பிள்ளைக்காகத்தான் எடுத்திருப்பார். ஆனாலும் அந்த எழுபதில் கைக்குழந்தை இருக்கும் வீடு எது என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் அந்த நாட்களில் வீட்டுக்கு இவ்வளவுதான் என்று கடையிலேயே கட்டுப்பாடு வைக்க வேண்டும் என்கிறேன்.

மற்ற ஊர்க்காரர்களும் எழுதுங்கள்.

#2 மேல்மலைப் பூண்டு

நான் கொடைக்கானல் மேல்மலை, மன்னவனூர்ப் பக்கம். நீலகிரி இழையில் எழுதுகிறேனே என்று நினைக்க வேண்டாம், எங்கள் கதையும் இதேதான்.

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை. கஜா புயல் அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தது. கடல் எங்கோ இருக்கிறது, நமக்கு என்ன வரப்போகிறது என்றுதான் இங்கே பலரும் இருந்தார்கள். புயல் திண்டுக்கல் வழியாக எங்கள் மலை மேலேயே ஏறித்தான் கேரளாவுக்குப் போனது. வத்தலக்குண்டு சாலை, பழனி சாலை இரண்டிலும் மரங்கள் குறுக்கே விழுந்துகிடந்தன. மின்கம்பங்கள் சாய்ந்து கரண்ட் போனது. கீழே இறங்க முடியாதது இருக்கட்டும், பூண்டி, கவுஞ்சி, கிளாவரை ஆட்களுக்குக் கொடைக்கானல் டவுனுக்குப் போகவே வழியில்லை.

டவுனில் இருப்பவர்களுக்குக் கடை காலியாவது தெரியும். எங்களைப் போன்ற கிராமங்களில் காலியாக முதலில் அங்கே கடை இருக்க வேண்டுமே. பெட்டிக்கடை ஒன்றோ இரண்டோ. அதிலும் ஒரு கடையில் மெழுகுவத்தியை இரண்டு மடங்கு விலைக்கு விற்றார்கள். இருட்டில் வயசான ஆட்களை வைத்துக்கொண்டு பேரம் பேச முடியுமா? வாங்கினோம். அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை.

பாதையைத் திறந்ததில் ஊர்க்காரர்கள் பங்கு பெரிது. கோடாலி, மரம் அறுக்கும் மெஷின் எதெது இருந்ததோ தூக்கிக்கொண்டு போய் எதிரில் கிடந்ததை அறுத்துத் தள்ளிக்கொண்டே நடந்தார்கள். மெஷினுக்கு ஊற்ற பெட்ரோல் தேவைப்பட்டது. பைக்குகளிலிருந்து உறிஞ்சி எடுத்துக் கொடுத்தார்கள். கேனில் பதுக்கிய பெட்ரோல் யாருக்கு உபயோகப்பட்டது என்று தெரியவில்லை, பைக்கிலிருந்து எடுத்த பெட்ரோல் ஊருக்கே வழி திறந்தது. பூண்டு விளையும் ஊர், அதனால் அதைச் சொல்லாமல் விட முடியாது: அந்த வாரம் வீட்டில் பூண்டு மூட்டை இருந்தது, உப்பு இல்லை.

#3 அடையாறு அரவம்

நான் சென்னை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் பால் பாக்கெட்டை 100 ரூபாய்க்கு விற்றதைக் கண்ணால் பார்த்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் பாலுக்கு அலைந்தோம். ஆனால் எங்களுக்கு நாலு பக்கமும் வழி உண்டு, தண்ணீர் வடிந்தால் லாரி வந்துவிடும். வருடா வருடம் பாதை மூடும் என்று தெரிந்தும் மலையில் இருக்கும் கடைக்காரர்கள் ஏன் கூடுதலாகச் சரக்கு எடுத்து வைப்பதில்லை? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

#4 கோத்தகிரி மளிகை

நல்ல கேள்வி தம்பி. கடைக்காரன் நானே பதில் சொல்கிறேன்.

முதல் விஷயம் ஈரம். மழைக்காலத்தில் இங்கே காற்றே ஈரமாக இருக்கும். தீப்பெட்டி நமுத்துப்போகும், சர்க்கரை கசிந்து கட்டியாகும், உப்புச் சாக்கு தரையில் தண்ணீர் விடும், ரவையிலும் மைதாவிலும் வாடை வரும். சின்னக் கடைக்குப் பின்னால் சின்னதாக ஒரு ரூம்தான் இருக்கும். அதில் பத்து மூட்டைக்கு மேல் அடுக்கினால் சுவரை ஒட்டிய மூட்டை வீணாகும். இரண்டாவது விஷயம் பணம். மேட்டுப்பாளையம் மண்டியில் இன்று எடுத்தால் குறிப்பிட்ட நாளில் பணம் கட்ட வேண்டும். என் கடையில் பாதி வியாபாரம் பற்று நோட்டில் நடக்கிறது. எஸ்டேட்டில் சம்பளம் போட்டால்தான் எனக்கு வரவு. ஒரு மாதச் சரக்கைக் கூடுதலாக எடுத்துப்போட என்னிடம் முதல் இல்லை, என்னைப் போன்ற யாரிடமும் இல்லை. அதனால்தான் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு லோடு என்று ஓட்டுகிறோம். பாதை திறந்திருக்கும்வரை இது நல்ல ஏற்பாடு. மூடினால் மூன்றாவது நாள் ரேக் காலி.

விலை பற்றியும் சொல்லிவிடுகிறேன். குன்னூர்ப் பாதை மூடினால் எல்லா வண்டியும் எங்கள் கோத்தகிரிப் பாதையில்தான் திரும்பும். நெரிசலில் ஒரு வண்டி இரண்டு நடை அடித்த இடத்தில் ஒரு நடைதான் அடிக்கும், வாடகை ஏறும். அந்த வாடகை ஏற்றம் சரக்கின் விலையில் ஏறுவது நியாயம். ஆனால் பாதை மூடுவதற்கு முன்பே ரேக்கில் இருந்த மெழுகுவத்திக்கு எந்த வாடகையும் ஏறவில்லை. அதை இரண்டு மடங்குக்கு விற்பது அநியாயம். மேல்மலைத் தம்பிக்கு நடந்தது அதுதான்.

#5 கொளப்பள்ளி மகள்

அண்ணா பற்று நோட்டைப் பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன். எங்கள் குடும்பம் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம். அம்மா தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார். காலையில் மலைக்குப் போனால் கடைசி எடை போட்டுத் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். மழை பலமாக இருந்தால் பாதியில் அனுப்பிவிடுவார்கள், அன்றைக்கு அரைப் பேர்தான், அதாவது அரை நாள் கூலி.

மண் சரிந்தது என்ற செய்தி காலை ஏழு மணிக்கு வாட்ஸ்அப்பில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜீப் இருப்பவர் எட்டு மணிக்குக் கடையில் நிற்பார். சொந்த பைக் இருப்பவர் ஒன்பது மணிக்கு வருவார். எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கும் தொழிலாளர்கள் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் கடைக்கு வரும்போது மாலை ஆறு. அப்போது இருப்பது ஷாம்பு பாக்கெட்டும் ஊறுகாயும். எங்களில் யாரும் பதற்றத்தில் வாங்கியதே கிடையாது, ஏனென்றால் பதற்றம் எங்களிடம் வந்துசேர்வதற்குள் சாமான் முடிந்திருக்கும்.

செப்டம்பரிலேயே வாங்கி வையுங்கள் என்ற யோசனை எங்களுக்குச் செல்லாது. வாங்க வேண்டிய பணம் இன்னும் கையில் வரவில்லை. வைக்க இடமும் இல்லை, ஒரு அறையும் சமையற்கட்டும்தான். வண்டிச்சோலை அண்ணா அதைப் புரிந்துகொண்டு எழுதியிருக்கிறார், நன்றி. ஆனால் "அவர்களுக்கு உரியது" என்று சொன்னால் மட்டும் போதாது. ஆறு மணிக்கு வருபவருக்கு அது எப்படி மிஞ்சும் என்பதற்கு வழி சொல்லுங்கள்.

#6 கோத்தகிரி மளிகை

நான் செய்வதைச் சொல்கிறேன் அம்மா. பாதை மூடிய செய்தி வந்ததும் பற்று நோட்டை எடுத்து, அதில் இருக்கும் குடும்பங்களுக்கு ஆளுக்கு ஒரு பொட்டலம் முதலில் கட்டி உள்ளே வைத்துவிடுவேன். பருப்பு, எண்ணெய், உப்பு, டீத்தூள், தீப்பெட்டி, மெழுகுவத்தி, குழந்தை இருக்கும் வீடு என்றால் பால் பவுடர். இராத்திரி எட்டுவரை காத்திருப்பேன். மற்றது வெளியில். ரொக்கத்தோடு வந்து நிற்பவர்கள் முறைப்பார்கள். "காசு கொடுக்கிறவனுக்கு இல்லை, கடன்காரனுக்கு உண்டா" என்று ஒருவர் கத்திவிட்டே போனார். அவர் வருடத்தில் ஒருமுறை வருபவர், நோட்டில் இருப்பவர்கள் வருடம் முழுக்க வருபவர்கள். இதில் யோசிக்க எனக்கு எதுவும் இல்லை.

#7 கிண்ணக்கொரை

நான் மறுத்துப் பேசப் போகிறேன், கோபிக்க வேண்டாம்.

வீட்டுக்கு இவ்வளவுதான் என்று கடையில் கட்டுப்பாடு வைப்பது டவுன் ஆட்களுக்குச் சரி. நாளைக்கும் வரிசையில் நிற்கலாம். நாங்கள் மஞ்சூரைத் தாண்டி இருக்கிறோம். பஸ் ஓடினால்தான் கடை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது குந்தா பக்கத்துச் சாலைகள் என்ன ஆயின என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். எங்கள் ஊரிலிருந்து ஒருவர் ஜீப் எடுத்து வந்தால் நாலைந்து வீட்டுக்குச் சேர்த்துத்தான் வாங்குவார். அவர் இருபது பாக்கெட் பால் கேட்டதும் வரிசையில் நிற்பவர்கள் பதுக்கல்காரன் என்கிறார்கள். போட்டோ எடுத்துப் போடுகிறார்கள். தூரத்து ஊர்க்காரனுக்கு மொத்தமாக வாங்குவதைத் தவிர வேறு வழி கிடையாது. உங்கள் விதியில் எங்களுக்கு இடம் எங்கே?

#8 கேத்தி கேரட்

கடையில் வாங்கும் சாமானைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். எங்கள் வயலில் இருப்பதையும் பேச வேண்டும்.

பாதை மூடிய அன்று மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போக வேண்டிய கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் எல்லாம் மூட்டையாக நிற்கும். கழுவிய கேரட்டை வைத்திருக்க முடியாது, இரண்டு மூன்று நாளில் கறுத்து அழுகும். பறிக்காமல் விட்டால் தண்ணீர் தேங்கி மண்ணிலேயே வெடிக்கும். அதே நாளில் குன்னூர்க் கடையில் கிலோ தக்காளிக்கு என்ன விலை சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு நிற்கிறோம். இங்கே காய் அழுகுகிறது, பக்கத்து டவுனில் காய் இல்லை என்கிறார்கள். இதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

காரணம் இருக்கிறது. எங்கள் வியாபாரி, வண்டி, கடன் எல்லாமே கீழே மண்டியோடு கட்டப்பட்டது. உள்ளூர்க் கடையில் போடும் பழக்கம் இல்லை, உழவர் சந்தைக்குப் போவது கொஞ்சம்தான். மழைக்கு முன்பே ஒரு ஏற்பாடு இருந்தால் நிற்கும் மூட்டையை அப்படியே கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் ஊட்டிக்கும் பிரித்து ஏற்றலாம். மலைக்குள் இருக்கும் பாதைகள் எல்லாம் ஒரே நேரத்தில் மூடுவது அபூர்வம். தக்காளி இல்லாமல் கேரட்டும் உருளைக்கிழங்கும் வைத்து ஒரு வாரம் சமைக்க முடியாதா? விலையும் எங்களுக்கு மண்டி விலை வந்தால் போதும்.

#9 கூடலூர் டீச்சர்

இங்கே ஒன்றைச் சேர்க்க வேண்டும். நீலகிரியை ஒரே மழைக்காலமாகப் பேசுகிறோம். குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர்வரை அடி வாங்கும். எங்கள் கூடலூர், பந்தலூர், அப்புறம் குந்தா பக்கம் ஜூன் முதலே தென்மேற்கு மழையில் நனைகிறோம். செப்டம்பரில் வாங்கி வையுங்கள் என்றால் எங்களுக்கு மழையே பாதி முடிந்திருக்கும். எங்களுக்கு மே மாதம்.

சரக்கு வரும் வழியும் வேறு. எங்களுக்குக் காய்கறி குண்டல்பேட்டையிலிருந்து முதுமலை வழியாக வருகிறது, பல சாமான்கள் கேரளப் பக்கமிருந்து வருகின்றன. முதுமலைக்கு அடுத்து அதே வழியில் இருக்கும் பந்திப்பூர்க் காட்டில் இரவு 9 முதல் காலை 6 வரை பொதுவாக வண்டி ஓடக் கூடாது. ஆகவே பகலில் பாதை தடைப்பட்டால் அடுத்த நாள்தான்.

2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை நிலச்சரிவு நடந்தது. எங்களுக்கு அது பக்கத்து வீட்டுச் சாவு. பலருக்கு அங்கே உறவு உண்டு. அன்றைக்கு முழுக்க போனில் வந்தவற்றில் எது நிஜம் எது பொய் என்றே பிரிக்க முடியவில்லை. பழைய வீடியோக்கள், வேறு ஊர் வீடியோக்கள். அந்தப் பயத்தில் மனிதர்கள் கடைக்கு ஓடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். சாவைப் பார்த்துப் பயந்தவர்கள் கையில் எதையாவது பிடித்துக்கொள்ளத் தேடுவார்கள். என் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒன்று மட்டும் சொல்லியிருக்கிறேன்: வீட்டில் யாராவது "பங்க்கில் பெட்ரோல் தீர்ந்துவிட்டதாம்" என்று அனுப்பப் போனால், யார் போய்ப் பார்த்தது என்று கேளுங்கள். மாவட்ட அவசர எண் 1077. அங்கே கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

பணம் பற்றியும். டவர் ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்தால் சிக்னல் போகும். சிக்னல் போனால் ஜிபே போகும். ஏ.டி.எம்.மும் போகும். 2009இல் நமக்கு இந்தப் பிரச்சினை இல்லை, எல்லோரிடமும் நோட்டு இருந்தது. இப்போது எங்கள் தெருவில் பாதிப் பேரிடம் நூறு ரூபாய்த் தாள் இருக்காது. மழை மாதங்களில் கொஞ்சம் சில்லறையாக வீட்டில் வைத்திருங்கள்.

#10 லவ்டேல் மருந்துக்கடை

மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். சுருக்கமாகச் சொல்கிறேன். மழை எச்சரிக்கை வந்த அன்று பிரட், வர்க்கி, நூடுல்ஸ் எல்லாம் வாங்கிவிட்டு எங்கள் கடையைத் தாண்டித்தான் போகிறார்கள். உள்ளே வருவதில்லை. மூன்றாவது நாள் வருவார்கள், அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது என்று. எங்களுக்கும் லோடு கீழேயிருந்துதான் வர வேண்டும்.

சர்க்கரை, பிரஷர், வலிப்பு, தைராய்டு, ஆஸ்துமாவுக்குத் தினமும் மருந்து எடுப்பவர்கள் சீட்டைக் கொண்டுவந்து மழைக்கு முன்பே ஒரு மாதத்துக்கு வாங்கி வையுங்கள். யாருக்கும் பங்கு குறையாது, முன்கூட்டிச் சொன்னால் நாங்கள் வரவழைப்போம். இன்சுலின் போடுபவர்கள் கரண்ட் போனால் அதை எப்படி வைத்துக்கொள்வது என்று டாக்டரிடம் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நிறைமாதக் கர்ப்பிணி வீட்டில் இருந்தால், டயாலிசிஸ் செய்துகொள்பவர் இருந்தால், எச்சரிக்கை வந்ததுமே டவுனில் உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பாதை மூடிய பிறகு 108 வண்டியும் அதே மண்ணுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கும்.

#11 வண்டிச்சோலைவாசி

கிண்ணக்கொரை நண்பருக்கு. நீங்கள் கேட்டது நியாயம், என் முதல் பதிவில் தூரத்து ஊர்களுக்கு இடமே இல்லை. மொத்தமாக வாங்குபவர் எத்தனை வீட்டுக்கு வாங்குகிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். இருபது பாக்கெட் ஐந்து வீட்டுக்குப் போனால் அது பதுக்கல் இல்லை. ஊரிலிருந்து வீட்டுப் பெயர்கள் எழுதிய ஒரு சீட்டோடு ஒருவர் வந்தால் கடைக்காரர் அதன்படி கொடுக்கலாம் என்பது என் எண்ணம். மளிகை அண்ணா சொல்லட்டும்.

நான் கண்டிப்பாகச் சொல்ல நினைப்பது விடுதிகளைப் பற்றி. ஒரு வீடு மூன்று பாக்கெட் அதிகம் எடுப்பதும், ஒரு ரிசார்ட் வண்டி வந்து கடையில் இருக்கும் முட்டை, பால், பிரட் அத்தனையையும் ஏற்றிக்கொண்டு போவதும் ஒன்றல்ல. பக்கத்துத் தெரு அம்மாவைப் போட்டோ எடுத்துப் போடுகிறோம், அந்த வண்டியை யாரும் எடுப்பதில்லை.

இன்னொன்றும் மனசில் உறுத்துகிறது. பைக்காராவில் 1932இலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள், குந்தாவில் எத்தனை மின்நிலையங்கள். அந்த அணைகளைச் சுற்றியிருக்கும் ஊர்களில்தான் காற்று அடித்தால் மெழுகுவத்திக்கு அலைகிறோம். கரண்ட் இல்லையென்றால் பம்ப் ஓடாது, குடிதண்ணீரும் வராது. வெளியில் அவ்வளவு மழை பெய்யும்போது வீட்டுக் குழாயில் காற்று வருகிறது. எச்சரிக்கை வந்ததும் டிரம்மை நிரப்பி வையுங்கள். அதற்குக் காசு வேண்டாம்.

#12 ஊட்டி ஓட்டல் பையன்

ரிசார்ட் வண்டி ஓட்டியவர்களில் நானும் ஒருவன் என்பதால் சொல்கிறேன். மாட்டிக்கொண்ட விருந்தாளிகளிலும் குழந்தைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் சாப்பாடு போட வேண்டும். ஆனால் எங்களிடம் ஸ்டோர் ரூமும் பெரிய ஃப்ரீசரும் ஜெனரேட்டரும் இருக்கின்றன. மளிகை அண்ணனிடம் இல்லாத இடமும் முதலும் முதலாளிகளிடம் இருக்கின்றன. மழை மாதத்துக்குத் தனியாகச் சரக்கு எடுத்து வைக்க முடியும். பாதை மூடிய நாளில் தெருக்கடைக்கு விடுதி வண்டி போகக் கூடாது என்று உத்தரவு வந்தாலும் நாங்கள் பட்டினி கிடக்க மாட்டோம். இதை எங்கள் மேனேஜரிடமும் சொல்லியிருக்கிறேன்.

#13 கொளப்பள்ளி மகள்

எங்களுக்கு ரேஷன் கடைதான் நம்பிக்கை. தனியார் கடைக்காரர் எல்லோரும் கோத்தகிரி அண்ணாவைப் போல இருக்க மாட்டார்கள். எங்கள் பந்தலூர்ப் பக்கம் மே மாதமும், குன்னூர், கோத்தகிரி இருக்கும் கிழக்குப் பக்கம் அக்டோபரிலும் இரண்டு மாத அரிசி, பருப்பு, பாமாயிலைச் சேர்த்துக் கொடுத்துவிட்டால், கையில் காசு இல்லாத வீட்டிலும் கையிருப்பு இருக்கும். இலவச அரிசியை முன்கூட்டிக் கொடுப்பதில் அரசாங்கத்துக்குக் கூடுதல் அரிசி தேவையில்லை, அடுத்த மாதம் ஏற்ற வேண்டிய லாரியை முந்தின மாதம் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். எங்கள் கிராமசபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரச் சொல்லி அம்மாவும் அவருடன் வேலை பார்ப்பவர்களும் கேட்கப் போகிறார்கள். வாசகம் எழுத உதவி வேண்டும்.

#14 கூடலூர் டீச்சர்

நான் எழுதித் தருகிறேன் கண்ணு. ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கேயே போடுகிறேன், மற்ற ஊராட்சிக்காரர்களும் ஊர்ப் பெயரை மாற்றி எடுத்துக்கொள்ளலாம். ரேஷன் கடையில் ஈரம் இறங்காமல் மூட்டைக்கு அடியில் பலகை போட வேண்டும் என்பதையும் சேர்க்கிறேன்.

#15 கோத்தகிரி மளிகை

கிண்ணக்கொரைத் தம்பிக்கு: வீட்டுப் பெயர்ச் சீட்டு எனக்குச் சம்மதம். ஊர்ப் பெரியவர் ஒருவர் கையெழுத்து இருந்தால் வரிசையில் நிற்பவர்களுக்குக் காட்டவும் வசதி. என் பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேரிடம் பேசினேன். ஒருவர் சரி என்றார். இன்னொருவர் "அந்த நாலு நாளில்தான் எனக்கு லாபமே" என்கிறார். அவரிடம் மறுபடி பேச வேண்டும்.

கேத்தி அண்ணாவுக்கு: கேரட்டைப் பற்றித் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன். பாதை மூடினால் கழுவாத மூட்டையாக எத்தனை தர முடியும், எந்த வழியில் வரும் என்று சொல்லுங்கள். கழுவாமல் வந்தால் என் கடையில் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்.

#16 கிண்ணக்கொரை

சீட்டு யோசனை பரவாயில்லை. ஆனால் மஞ்சூரில் இருக்கும் கடைக்காரர்கள் இந்த இழையைப் படிக்கிறார்களா என்பதுதான் என் கவலை. நாளைக்கு பஸ்ஸில் போகும்போது நேரிலேயே கேட்டுப் பார்க்கிறேன்.